ஆறுக்கு ஆறு

மூடி வெட்டிச் செய்கிற முறையும் உண்டாம்,
மறுநாளே பார்வை.
உனக்கு அது வேணாம் என்றார் கொழும்பு டொக்டர்.
பலகையின் மூக்கு ஒருநாள் முகத்தில் அடித்தால்
மூடி விலகும்.
மேல்தோலை வழித்துவிட்டு
லேசரால் சீவுவோம், தோல் தானாய் வளரும்.
நோகும்.
எத்தனை நாள்?
நாலு நாள் என்றார்.
பார்வைக்கு?
அதுக்கு மூணு மாசம் வை.

அறுகம்பையில் வெள்ளைக்காரர் இல்லாத
தை மாதத்தில் போனேன்.
இடது நாலே முக்கால், வலது அஞ்சேகால்.
பதினாலு வருஷம் அந்த எண்களோடு
முனைக்கு நீந்தியிருக்கிறேன்.
கண்ணாடியைக் கழற்றித் தயிர்ச் சட்டிக்குள் வைத்து
மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டு
இறங்கினால்
அலை எனக்கு உருவமில்லை,
தொடைக்குக் கீழே ஓர் இழுவை,
வயிற்றுக்கடியில் பலகை எடுக்கும் மூச்சு.
"வருகுது" என்று றிஸ்கான் கத்துமுன்
எழும்பியிருப்பேன்.
எப்படிப் பார்க்கிறாய் என்று கேட்பார்கள்.
பார்க்கவில்லை என்று சொன்னதில்லை,
படிப்பிக்கக் காசு வாங்குகிறவன்.

இரண்டாம் இரவு
மருதானை லொட்ஜில்
ஃபேன் காற்றும் கொச்சிக்காய்த் தூளாய் வந்தது.
அழுதேன் என்று சொல்ல முடியாது,
கண் தன் பாட்டுக்கு ஓடியது.
அஞ்சாம் நாள் லென்ஸைக் கழற்றினார்கள்.
வீட்டு வாசலில் உம்மா, ஆவிக்குள் நிற்பதுபோல.
"தெரியுதா மனே?"
பழைய கண்ணாடியைவிடக் குறைவாய்த்தான் தெரிந்தது.
தெரியுது என்றேன்.
விற்ற ஓட்டோ நின்ற இடத்தில்
எண்ணெய்க் கறை மட்டும் நல்லாய்த் தெரிந்தது.

மறுகா ஒவ்வொரு காலையும்
எதிர் ஹோட்டல் பலகைதான் என் சோதனை அட்டை.
மாசியில் பெயர்.
பங்குனியில் டெலிபோன் இலக்கம்,
சில நாள் அதுவும் திரும்பப் புகைந்து போகும்.
ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் போகிற வழியில்,
அடியில் சின்னதாய்:
சுடுதண்ணீர் உண்டு.
நின்று இரண்டு தரம் வாசித்தேன்.

இரவில் மட்டும்
பாலத்தால் வருகிற விளக்கெல்லாம்
நிலாவைப்போலக் கோட்டை கட்டி வரும்.
எட்டக் கோட்டை கிட்ட மழை என்பார்கள்.
மழை இல்லை,
லொறிதான் வந்தது. ஒதுங்கினேன்.

சித்திரையில் அட்டை வாசித்தேன்.
இடது ஆறுக்கு ஆறு.
வலதில் கடைசி வரியில் ஓர் எழுத்துப் பிசகு.
தாதி படிவம் நீட்டினாள்:
திருப்தி, ஒன்றிலிருந்து பத்து வரை.
பிறகு தாறன் என்றேன்.

வைகாசி.
அலை வருவதை முதல்முதல் கண்டேன்.
பச்சை, உச்சியில் கண்ணாடி மெல்லிசு,
அதற்குள் வெயில்,
வெயிலுக்குக் கீழே
நான் பதினாலு வருஷம் மேலால் போன
பாறையின் பல்.
இவ்வளவு உயரமாகவா இருந்தாய்?
கேட்டு முடியுமுன் தலைக்கு மேலால் போனது.
மூன்று தரம் விழுந்தேன்.
றிஸ்கான் தண்ணீரிலேயே சிரித்தான்:
"கண் தெரியாதவன்போல ஓடுறாய்."

கரைக்கு வந்து
பழக்கத்தில் சட்டிக்குள் கைவிட்டேன்.
கல் மட்டும்.
கிறுகிப் பார்த்தால் அங்கே, வெகு தூரத்தில்,
என்னிடம் படிக்கும் நெதர்லாந்துக்காரி
எழும்புகிறாள், சரிகிறாள்.
போன வருஷம் அவள் ஒரு புள்ளி.
இப்போது பின்கால் குதி உயர்வது தெரிகிறது,
அதுதான் பிழை, அது மட்டும்தான்.
"பின்கால்!" என்று கத்தினேன்.
கேட்டிருக்காது.
அடுத்த அலையிலும் அதே குதி.
கைகாட்டிக் கரைக்கு அழைத்து
மணலில் பாதம் வரைந்து காட்டினேன்.
மறுகா போனாள்,
பாறை தாண்டும்வரை நின்றாள்.

நான் இன்னும் விழுகிறேன்,
முந்தியைவிடக் கொஞ்சம் குறைவாய்.
படிவம் வீட்டில் கிடக்கிறது.
தயிர்ச் சட்டிக்குள் இப்போது
செயற்கைக் கண்ணீர்ப் போத்தல்.
நாளுக்கு நாலு தரம்,
இவ்வளவு உப்புத் தண்ணீருக்கு முன்னால்
தலையை அண்ணாந்து
ஒரு சொட்டு, ஒரு சொட்டு.